சிவப்பில் அச்சிட்ட நேரம்

மொன்றியல்,
24.03.1996, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி சண்முகலிங்கத்துக்கு,

கௌரி எழுந்து நடக்கிறாள். பிள்ளைக்கு மூக்கில் வைத்திருந்த குழாயை நேற்று எடுத்துவிட்டார்கள். நீர் இந்தக் கடிதத்தைப் பிரித்தவுடன் தேடப்போவது இதைத்தான் என்பதால் முதலில் எழுதுகிறேன். இனி ஆறுதலாக இருந்து மிச்சத்தை வாசியும்.

போன கிழமை உமது லொட்ஜுக்குப் போன் எடுத்தபோது, பெண்பிள்ளை, ஏழு கிழமை முந்தி வந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். ஏன் முந்தி வந்தாள் என்று நீர் கேட்டீர். லைன் இரைகிறது, கேட்கவில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. சாதகம் எழுதப் பிறந்த நேரம் வேண்டும் என்றும் கேட்டீர். அதையும் சொல்லாமல் வைத்துவிட்டேன். ஊரில் பஸ் சாலையில் பதினெட்டு வருடம் பஸ் நேரம் குறிக்கிற ரைம்கீப்பராக இருந்த மனிசன், ஒரு நேரத்தைச் சொல்லப் பயந்துபோனேன்.

கௌரி ஒக்ரோபரில் வந்து இறங்கியபோது மூன்று மாதம். உமக்கு இங்கே வர வழி திறக்கும்வரை அவளைப் பார்த்துக்கொள்ளும்படி நீர் எழுதியிருந்தீர். செயின்ட்-மிஷேலில் ஊர்க் குடும்பம் ஒன்றின் பின்னறையை எடுத்துக் கொடுத்தோம். கிளினிக் நடந்துபோகும் தூரம். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. முன்பக்கம் ஒரு தளபாடக் கடை. கிளினிக்கின் வாசல் பக்கத்து ஒழுங்கையில். கதவில் எல்லாம் பிரெஞ்சு. போன் எடுத்தால் ஒரு மெஷின் பிரெஞ்சில் கதைத்துவிட்டு வைத்துவிடும். எங்களுடைய சனம் காய்ச்சல் என்றாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எட்டு மணித்தியாலம் குந்தியிருக்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் நானே லீவு போட்டுக் கௌரியைக் கூட்டிப்போனேன்.

அங்கே அக்னெஸ் என்று ஒரு தாதி. ஹெயிட்டிக்காரி. தமிழ்ச் சனம் ஏன் வருவதில்லை என்று அவள்தான் என்னைக் கேட்டாள். வாசலும் நேரமும் தெரிந்தால்தானே வருவார்கள் என்றேன். அவள் மேலிடத்தில் கதைத்து, ஜனவரியிலிருந்து வியாழக்கிழமைகளில் ஒரு மணி முதல் நாலு மணிவரை வித்தியா என்ற தமிழ்ப் பிள்ளையை மொழிபெயர்க்க ஒழுங்கு செய்தாள். கர்ப்பிணிகளைப் பார்க்கும் டாக்டருக்கும் அதுதான் நாள். இதைச் சனத்துக்கு அறிவிக்கிற பொறுப்பை நான் எடுத்தேன். யாரும் என்னிடம் தரவில்லை, தம்பி. நானாக எடுத்தேன்.

அருளம்பலம் தன் பலசரக்குக் கடையில் வருடா வருடம் கலண்டர் கொடுப்பார். மொன்றியலில் அது தொங்காத தமிழ் வீடு இல்லை. ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் திகதிக்குக் கீழே சிவப்பில் ராகுகாலம் இருக்கும். வியாழக்கிழமைக் கட்டங்களில் கிளினிக் நேரத்தையும் போடுங்கள் என்று அவரைப் பிடித்தேன். நோட்டீஸ் என்றால் கசக்கி எறிவார்கள், கலண்டர் வருடம் முழுக்கச் சுவரில் இருக்கும் என்பது என் கணக்கு. அருளம்பலம் நல்ல மனிசன், சம்மதித்தார். ரொறொன்ரோவில் அச்சடிப்பவன் மாதிரித் தாளை அனுப்பியபோது என்னைத்தான் சரிபார்க்கச் சொன்னார்.

நானும் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வியாழக்கிழமை, ஒன்றுவிடாமல் பார்த்தேன். 1.30–3.00 என்ற ராகுகாலத்துக்குக் கீழே 1.00–4.00. ஒரு எண்கூடப் பிழையில்லை. கட்டத்தில் இடம் காணாது என்று அச்சடிப்பவன் கிளினிக் என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தான். விளக்கமும் வாசலுக்குப் போகும் வழியும் பின்மட்டையில் பொடி எழுத்தில். எனக்கு அது உறுத்தவில்லை. சாலையில் நாங்கள் பலகையில் நேரத்தைத்தானே எழுதுவோம், பஸ் என்று எழுதுவதில்லையே. ஆனால் இரண்டு நேரமும் ஒரே சிவப்பு. சுவரில் கொழுவின கலண்டரின் பின்மட்டையை யார் பார்க்கிறான்?

சனம் என்ன நினைத்தது தெரியுமோ? மேலே இருப்பது ஊர் ராகுகாலம், கீழே இருப்பது கனடா ராகுகாலம் என்று. இங்கே சூரியன் வேறு நேரத்தில் உதிக்கிறது, அதனால் வியாழக்கிழமைக்குப் புதிதாகக் கணித்திருக்கிறார்கள் என்று யாரோ ஒரு கெட்டிக்காரன் சொல்ல, அது வீட்டுக்கு வீடு போய்விட்டது. எனக்கு மட்டும் தெரியாது. ஜனவரி முழுக்க வித்தியா சும்மா இருந்தாள். பெப்ரவரியில் இரண்டு பேர். மார்ச்சோடு நிறுத்திவிடுவார்கள் என்று அக்னெஸ் கவலைப்பட்டாள். நான் கோயிலில் நின்று, உங்களுக்கெல்லாம் நன்மை செய்ய வந்தவனைச் செருப்பால் அடிக்கவேணும் என்று சத்தம் போட்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டிலேயே, என் மனிசி ஜெகதீஸ்வரி வியாழக்கிழமை பின்னேரங்களில் ஒரு புது வேலையும் தொடங்காமல் இருந்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளுக்கு ஆயிரம் நாள் கணக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இனிக் கௌரிக்கு வருகிறேன். ஜனவரியில் நான்தான் அவளிடம், இனி நீ தனியப் போகலாம், தமிழ்ப் பிள்ளை நிற்பாள், நேரமெல்லாம் கலண்டரில் இருக்கு, பார்த்துப் போ என்றேன். அவள் சொன்னபடி பார்த்துத்தான் போனாள். கிளினிக்கில் அட்டையில் வியாழன் ஒரு மணி என்று எழுதிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்ப்பாள், சிவப்பு. வயிற்றில் பிள்ளையோடு அந்த நேரத்தில் வெளிக்கிட அவளுக்கு மனம் வராது. அடுத்தநாள் வெள்ளிக்கிழமை காலமை போவாள். டாக்டரும் இல்லை, வித்தியாவும் இல்லை. வேறு தாதி நிறையைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லுவாள். கௌரி சிரித்துத் தலையாட்டிவிட்டு வருவாள். மறுபடியும் வியாழன் ஒரு மணி என்று அட்டை. இப்படி நாலு தரம். நான் போனில் கிளினிக் போனாயா என்று கேட்பேன். போனனான் அண்ணை என்பாள். அது பொய்யில்லை. எந்த நாளில் போனாய் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் பதினாலாம் திகதி, வியாழக்கிழமை. செயின்ட்-லோரன்டில் எங்கள் பக்டரியில் மெஷின் நின்று, எங்களை நேரத்துக்கு முந்தியே அனுப்பிவிட்டார்கள். ஜெகதீஸ்வரி கொடுத்த கறியை வைத்துவிட்டு வரலாம் என்று கௌரியிடம் போனேன். மணி இரண்டு பத்து. அவள் கோட் போட்டு, தொப்பி போட்டு, கட்டிலில் இருந்தாள். சப்பாத்து காலில் ஏறவில்லை. என்னுடைய கால் அளவுக்கு வீங்கியிருந்தது. முகமும் ஊதிப்போயிருந்தது. விடியத் தொடங்கித் தலையிடியாம், கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதாம்.

எங்கே வெளிக்கிட்டு இருக்கிறாய் என்று கேட்டேன். கிளினிக்குக்கு என்றாள். அப்ப ஏன் இருக்கிறாய் என்றேன்.

"நாலு மணி கழியட்டும் அண்ணை. நீங்கள்தானே கலண்டரைப் பாத்துப் போகச் சொன்னனீங்கள்."

அவள் குறையாகச் சொல்லவில்லை, தம்பி. சொல்வழி கேட்ட பிள்ளை சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். மூன்று மாதமாக என் வீட்டுச் சுவரில் பார்த்த அதே கட்டம். அன்றைக்குத்தான் அவளுடைய கண்ணால் பார்த்தேன். கறிப் பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

டாக்ஸி பிடித்து ஐந்து நிமிடத்தில் கிளினிக். அக்னெஸ் அவளைக் கண்டவுடன், மற்றத் தாதி சொல்லுகிற வெள்ளிக்கிழமைப் பெண் இவள்தானா என்றாள். பிரஷரைப் பார்த்தவள் பிறகு கதைக்கவில்லை. அம்புலன்ஸ் வந்தது. வித்தியா கௌரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே கூடப் போனாள். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரில் ஒன்றையாவது இழந்திருப்போம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதாக அவள் எனக்குச் சொன்னாள். ஒப்பரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தலை நிறைய மயிர். ஜெகதீஸ்வரி பெட்டியின் ஓட்டைக்குள்ளால் விரலை விட்டால் பிடித்துக்கொள்கிறாளாம். நான் இன்னும் விடவில்லை.

இதையெல்லாம் உமக்கு எழுதவேண்டாம், தனிய இருந்து பயப்பிடுவார் என்று கௌரி மறித்தாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீர் உம்முடைய பெண்சாதியை என்னை நம்பி அனுப்பினீர். நான் எண்களைச் சரிபார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது. இதை நீர் வேறு வாயால் கேட்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அருளம்பலம் கேள்விப்பட்டு, கல்லாவில் இருந்தபடியே அழுதார். இப்போது கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சாமானைக் கட்டிக்கொண்டே, வியாழன் நேரம் கிளினிக் நேரம், ராகுகாலம் இல்லை என்று சொல்லுகிறார். நானும் வீடு வீடாகப் போய்க் கலண்டரில் அந்த நேரத்தைப் பச்சை மையால் சுற்றி, பக்கத்தில் கிளினிக் என்று எழுதுகிறேன். தளபாடக் கடைக்குப் பக்கத்து ஒழுங்கை, நீலக் கதவு என்று வாயாலும் சொல்லிவிட்டு வருகிறேன். இதுவரை நாற்பத்தொரு வீடு. ஒன்றரையிலிருந்து மூன்றுவரை உண்மையாகவே ராகுகாலம் என்பதை அக்னெஸிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியென்றால் மூன்றிலிருந்து ஆறுவரை வைப்போம், வேலை முடிந்து வருபவர்களுக்கும் வசதி என்றாள். ஏப்ரலிலிருந்து அப்படித்தான்; கலண்டர்களில் புது நேரத்தை எழுத இன்னொரு சுற்றுப் போகவேண்டும். நிறுத்துகிற கதையை மேலிடம் விட்டுவிட்டது. போன வியாழன் பதினொரு பேர் வந்தார்களாம்.

பிள்ளை தப்பிவிட்டாள் என்று டாக்டர் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பார்ப்போம் என்கிறார். பெட்டியில் தாயின் பெயரைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். பிறந்து முப்பது நாளுக்குள் பதியவேண்டும். பெயரை நீரே வைக்கவேண்டும் என்று கௌரி ஒற்றைக்காலில் நிற்கிறாள். கடிதம் பிந்தினாலும் போனில் சொல்லும். எனக்குச் சொல்ல மனமில்லையென்றால் ஜெகதீஸ்வரிக்குச் சொல்லும்.

நீர் கேட்ட நேரத்தை எழுதுகிறேன். 1996 மார்ச் 14, வியாழக்கிழமை, பிற்பகல் 3 மணி 52 நிமிடம். ஆஸ்பத்திரித் துண்டிலும் அதுதான் இருக்கிறது. சாத்திரியாரிடம் கொடும். யாராவது எங்கள் கலண்டரைக் காட்டி அது சிவப்பு நேரம் என்று சொன்னால் மனம் கலங்கவேண்டாம். அது கிளினிக் திறந்திருக்கிற நேரம், தம்பி. நான் எழுதின நேரங்களில் இந்த ஒன்றையாவது நம்பும்.

உமது பதிலுக்காகக் காத்திருக்கும்,
சிவநேசம் அண்ணை.