வளைவுக்குப் பின்னால் ஒரு துளை

மார்ச் 4
பேராசிரியரிடமிருந்து பதில் வந்துவிட்டது, அதுவும் ஒரே நாளில். பாய்ம இயக்கவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம் இருக்கிறதாம், உதவித்தொகையோடு. "குழாய் வளைவில் அதிர்வைக் குறைக்கும் உங்கள் யோசனை பிடித்திருக்கிறது. துளையை எங்கே போட்டீர்கள்?"

வணக்கம் சொன்ன கையோடு துளையா?

மார்ச் 5
பம்பு சோதனைக் கூடத்தில் இரண்டு வருடம் நனைந்து கண்டுபிடித்தது அது. வளைவுக்குச் சற்று முன்னால் ஊசித் துளை போட்டுக் காற்றுக் குமிழிகளை விட்டால் குழாய் ஆடாமல் அடங்கிவிடும். துளை எங்கே என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். போன வருடம் நான் செய்த வடிகட்டியை மேலாளர் தன் பெயரில் காட்டிக் கைத்தட்டல் வாங்கினார். நானும் சேர்ந்து தட்டினேன், வெட்கம் கெட்டவள்.

மார்ச் 11
காணொளியில் நேர்காணல். பேராசிரியர் சிரித்துச் சிரித்துப் பேசினார், சுற்றிச் சுற்றித் துளைக்கே வந்தார். "வரைபடம் அனுப்புனீங்கன்னா குழுவுக்குக் காட்ட வசதியா இருக்கும்மா."

எந்தக் குழு? யார் கண்டது?

மார்ச் 12
அக்கா கத்துகிறாள். "எல்லாரையும் திருடன்னு நெனச்சா யாருகிட்டதான்டி படிப்ப?"

அவளுக்கென்ன, பல் டாக்டர். அவள் பிடுங்கிய பல்லை 'நான்தான் பிடுங்கினேன்' என்று எவரும் சொந்தம் கொண்டாடப் போவதில்லை.

மார்ச் 14
அனுப்பிவிட்டேன் — துளையை வளைவுக்குப் பின்னால் வரைந்து. படிக்க இடம் உறுதியானதும் சரியான வரைபடத்தைக் கொடுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 27
பதிலே இல்லை. வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிட்டாரு, பாத்தியா! நான் நினைத்தது சரிதான். பிறகு ஏன் மணிக்கொரு தரம் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறேன்?

ஏப்ரல் 9
அவரிடமிருந்து மின்னஞ்சல். என் வரைபடத்தை வைத்து ஒரு குழாயே செய்திருக்கிறார். என் உதவித்தொகைக்கு ஒப்புதல் கேட்டு, நிதிக் குழுவின் முன்னால் அதை ஓடவிட்டிருக்கிறார். அதிர்வு குறையவில்லை, கூடிவிட்டது. குழு கைவிரித்துவிட்டது, இந்த வருடம் இடம் இல்லை. "செய்ததில் நான்தான் எங்கோ பிழை விட்டிருப்பேன். மன்னிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்.

கூடவே ஒரு படம். குழாயின் மேல் காகிதம் ஒட்டி, கொட்டை எழுத்தில் என் பெயர். என் பெயர் மட்டும்.

அய்யோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஏப்ரல் 10
சரியான வரைபடத்தை அனுப்பினேன். "பிழை உங்களுடையது இல்லை, நான் வேண்டுமென்றே மாற்றி வரைந்தேன்" என்று எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், வரைபடத்தில் என் பெயரைப் போடவே இல்லை.

இருக்கட்டும்.