மெல்ல அடங்கும் சிம்பொனி

கசான், 6 பிப்ரவரி 1950

அன்பு வார்யா,

நலமா? லெனின்கிராட்டில் குளிர் கடுமையாமே. வேளைக்குச் சூப்பாவது குடிக்கிறாயா?

நான் நடத்தும் இசைக்குழுவில் உன் சிம்பொனியை ஒத்திகை பார்த்தோம். முடிந்ததும் செல்லோ வாசிக்கும் குஸ்மா வில்லைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். கூட இருந்து கேட்ட கலாசார அதிகாரி தோழர் பகுலினுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஏன்யா, கடைசியில இப்படி அடங்கி அடங்கிப் போவுது? ஜெயிச்ச நாட்டுல யாருய்யா அழுவா?" என்றார். வெற்றி முழக்கமாக இரண்டு பக்கம் சேர்த்தால்தான் அனுமதி.

இரண்டே பக்கம், வார்யா. உன்னை இசைக் கல்லூரி வேலையிலிருந்து நீக்கியவர்களே மறுபடி கூப்பிடுவார்கள். பிடிவாதம் வேண்டாம்.

உன் யெஃபிம்

லெனின்கிராட், 19 பிப்ரவரி

அன்புள்ள யெஃபிம்,

சூப் குடிக்கிறேன். உன் இருமலைப் பற்றித்தான் நீ ஒரு வரியும் எழுதவில்லை. எனக்கு வேலை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யப் பியானோ வாசிக்கிறேன். "டீச்சர், இன்னும் வேகமா!" என்று விரட்டுகிறார்கள்.

யுத்தத்தில் எங்கள் ஊர் முற்றுகையில் கிடந்த குளிர்காலத்தில், தங்கை லிதா என் பக்கத்தில் படுத்தபடியே போனாள். பசிதான். மூச்சு மெலிந்து மெலிந்து, எப்போது நின்றதென்றே எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் எழுதியிருக்கிறேன். அதன்மேல் எக்காளம் ஊத என்னால் ஆகாது.

நீ வாசிக்காவிட்டாலும் எனக்கு உன்மேல் வருத்தமில்லை. உன் வேலையைக் காப்பாற்றிக்கொள்.

வார்யா

கசான், 2 ஏப்ரல்

வார்யா,

வாசித்துவிட்டோம்!

முழக்கம் சேர்த்தாயிற்று என்று பகுலினிடம் பொய் சொன்னேன். குழுவினரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, "பயமா இருக்கிறவங்க காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போகலாம்" என்றேன். ஒருவரும் நகரவில்லை. "பேசிக்கிட்டே நிக்காதீங்க, சுருதி சேக்கணும்" என்றார் குஸ்மா.

கடைசி வயலின் அடங்கியது. கைதட்டலே இல்லை. தோற்றோம் என்று நினைத்துத் திரும்பினேன். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றிருந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் யார் யார் பெயரையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பகுலின் மேடைக்குப் பின்னால் வந்தார். "முழக்கம் எங்கய்யா?"

"அவ எழுதல. நானும் சேக்கல."

மறுநாளே வேலை போயிற்று. கிஸெல் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்கு அனுப்புகிறார்கள். தொழிலாளர் மன்றத்தில் ஊதுவாத்தியக் குழுவைப் பழக்க வேண்டுமாம். ஊரில் ஒரு பியானோகூட இல்லை என்கிறார்கள்.

அதற்கெல்லாம் நான் வருந்தவில்லை. பள்ளியில் விடுப்புக் கிடைக்காமல் நீ வர முடியாமல் போனதே, அதற்குத்தான் வருந்துகிறேன்.

யெஃபிம்

லெனின்கிராட், 20 ஏப்ரல்

என் யெஃபிம்,

உன் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்து முடித்தேன். இனி என் சிம்பொனியை யாரையும் வாசிக்க விடமாட்டார்கள். எழுதிய நான் அதில் ஒரு சுரத்தைக்கூடக் காதால் கேட்கவில்லை.

பள்ளி வேலையை விட்டுவிட்டேன். "லெனின்கிராட்டை விட்டுட்டு நிலக்கரியிலயா போய் விழப்போறே? கிறுக்கா உனக்கு?" என்று கேட்டாள் தலைமையாசிரியை. ஆமாம் என்றேன். பியானோ இல்லாவிட்டால் என்ன, ஒரு மேசை இருந்தால் எழுதிவிடுவேன்.

மே மாதம் கிஸெலுக்கு வருகிறேன், உன்னோடு இருக்க. நீயாகக் கேட்க மாட்டாய். கல்லூரி நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்! அதனால் நானே சொல்லிவிட்டேன்.

வந்ததும் சிம்பொனி முழுவதையும் நீ எனக்குப் பாடிக் காட்ட வேண்டும். வயலின், செல்லோ, முரசு, எதையும் விடக்கூடாது. உன் குரல் எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, பாடு.

உன் வார்யா