நல்லா வீங்கியிருக்கு

மார்ச் 3

வெள்ளைமூஞ்சியின் கண்ணோரப் புற்றுக்கட்டியில் மாட்டு டாக்டர் சிவேஷே ஊசி போட்டார். “இது விஷ மருந்து இல்லை அம்மா, புரதம். வைரஸ் வந்தா உடம்பு தன் ஆளுங்களைக் கூப்பிடுமே, அந்தச் சேதிதான். புத்துக்கும் ஆள் வருதா பார்ப்போம். வீங்கும். வீங்கினா சந்தோஷப்படுங்க.”

இது என் மாடு. என் மகள் நெட்சாயைக் கட்டியபோது, எங்கள் வழக்கப்படி பெண்ணைப் பெற்றவளுக்கென்று மாப்பிள்ளை கரிகாய் தந்த பசு. வீட்டுக்காரருக்குக்கூட இதில் பாத்தியதை இல்லை. இதற்கு ஒன்று ஆனால் மகளின் வயிற்றுக்கு ஆகாது என்பார்கள். அவளுக்கு இப்போது ஆறாம் மாதம்.

மார்ச் 6

வீங்கிவிட்டது! அப்பாடா.

மார்ச் 8

மாவு மில்லுக்குப் போகும் வழியில் மாப்பிள்ளை எதிரே வந்தார். மாமியார் மாப்பிள்ளை முகம் பார்க்கக் கூடாது என்ற முறைப்படி பாதையை விட்டு விலகி, முதுகு காட்டி நின்றேன். அவர் குந்திக் கை தட்டி வணங்கினார். மாமியார் மாப்பிள்ளையிடம் என்ன நீட்டி முழக்குவது? “நீங்க குடுத்த மாட்டுக்குக் கண்ணு நல்லா வீங்கியிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். சந்தோஷப்பட்டிருப்பார்.

மார்ச் 14

சர்ச்சிலிருந்து வந்தால் தொழுவத்தில் ஒரு சிவப்புக் கிடாரி. வெள்ளைமூஞ்சி எங்கே?

நெட்சாய் அப்பா சொல்கிறார்: “நோய் மாட்டைக் குடுத்தேன்னு நீ குத்திக்காட்டினியாமே. பாவம், உழவு எருதை வித்து இதை வாங்கியாந்தான். அதை ஓட்டிட்டுப் போய் அறுத்துட்டான்.”

குத்திக்காட்டினேனா? நானா? ஐயோ, நல்ல சேதி சொன்னேன்டா பாவி — அதைத்தானே சொன்னேன்?

மார்ச் 15

டாக்டர் வெள்ளைமூஞ்சியின் தலையைக் கேட்டு வாங்கிக் கீறிப் பார்த்தார். “புத்துல பாதி செத்துப்போச்சு அம்மா. உடம்போட ஆளுங்க மொய்ச்சுக்கிட்டு இருக்காங்க.” அப்படியானால் பிழைத்திருக்கும். பிழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மாமியார் பங்கென்று இறைச்சி வந்திருக்கிறது. தொட முடியவில்லை.

மார்ச் 21

ஊர்க்கூட்டத்தில் பேசச் சொன்னார் டாக்டர். இல்லாவிட்டால் வீங்குகிற மாட்டையெல்லாம் அறுத்துவிடுவார்களாம். எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் கரிகாய். பாதியில் எழுந்து போய்விட்டார்.

மகள் இருக்கும் நிலையில் இதைச் செய்தேனே.

மார்ச் 29

ஊசி போட மூன்று மாடுகள் வந்தன. ஒன்று மாப்பிள்ளை வீட்டு மாடு. ஓட்டிவந்தவள் நெட்சாய், அந்த வயிற்றோடு. என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “இது வீங்கினா அவர்கிட்ட நீயே சொல்லும்மா. அவர் பக்கம் திரும்பி நின்னு, முழுசா சொல்லு.”