மறுப்புச் சொல்ல ஓர் ஆள்

என் பிரியமுள்ள அண்ணே,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு வந்துகொண்டுதான் இருக்கிறது. அரியலூரில் நம் மன்றத்துக் கூடத்தை நான்தான் திறக்கிறேன், பெருக்குகிறேன், பெரம்பலூரிலிருந்து பேச வருகிறவரை பஸ் ஸ்டாண்டில் நின்று கூட்டி வருகிறேன். முட்டிவலி உயிரை வாங்குகிறது. சொற்பொழிவு கேட்க ஏழெட்டுப் பேர் வந்தால் அதிகம், மழை பெய்தால் அதுவும் இல்லை.

நீ வைத்துவிட்டுப் போன வழக்கத்தை மட்டும் விடவில்லை. பேச்சு முடிந்ததும் கேட்டவர்களில் ஒருவர் எழுந்து மறுப்புச் சொல்ல வேண்டும், பேசியவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் நன்றியுரை, சுண்டல் எல்லாம். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று ஒரு பேராசிரியர் விளக்கியபோது, "கடலே வந்துச்சுங்கறீங்க, எங்க வாய்க்காலுக்குத் தண்ணியே வரலீங்களே" என்று ஒருவர் மறுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

போன கூட்டத்துக்குப் பேச்சாளர் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சலாம். நானே எழுந்து முன்னால் போய் நின்றேன். "இத்தோட மன்றத்த மூடிடலாம்னு இருக்கேங்க. என்னால முடியல" என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. உன்னிடம் மறைப்பானேன், சந்தோஷமாகவே இருந்தது.

பழக்கதோஷம், வாய் சும்மா இருக்குமா? "மறுப்பு இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுத் தொலைத்தேன்.

கடைசி வரிசையில் எப்போதும் தூங்கி வழிவாரே கல்லங்குறிச்சி ரங்கசாமி, அவர் எழுந்தார். "பேசறதுல பாதி எனக்குப் புரியாதுங்க. ஆனா வூட்ல எங்கிட்ட யாரும் பேசறதில்ல. இங்கதான் யாராவது ஒருத்தர் என் மூஞ்சியப் பாத்துப் பேசறாங்க. மூடிடாதீங்கம்மா" என்றார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

நான் என்ன சொல்வேன், நீயே சொல்லு. உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. இப்படி ஒரு வழக்கத்தை வைக்கச் சொல்லி உன்னிடம் யார் அழுதார்கள்? நன்றியுரை இல்லாமலே கூட்டம் கலைந்தது.

அடுத்த மாதமும் கூடத்தைத் திறப்பேன் அண்ணே. ஆசையோடு திறப்பதாக நினைத்துக்கொள்ளாதே. அந்த மனிதருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கிறவரைக்கும் திறப்பேன்.

அலுத்துப்போன உன் தங்கச்சி,
கற்பகம்