பதிவேட்டில் இல்லாத கை

இன்று காலை நம் ஆஸ்பத்திரிக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்ததும் ரப்பரும் பவுடரும் கலந்த வாசனை. உள்ளே தோள்வரை நீளும் கையுறைகள். 'கம்பவுண்டர்களின் உபயோகத்துக்கு' என்று சீட்டில் போட்டிருந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அனுப்புகிறார்கள்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில்தான் இந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். நான் டைப்பிஸ்ட், நீ கம்பவுண்டர். டாலிகஞ்சில் ஒரே அறை. வங்காளம் தெரியாமல் இரண்டு பேரும் ஒரே மாதிரி விழித்தோம். பயிற்சி முடித்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாய்.

"பத்து வருஷம் போனா சீனியர்டா. அப்புறம் ஒரு கிளை ஆஸ்பத்திரிய நானே பாத்துக்கலாம். ஆர்டர்லயே போட்டிருக்கான், படிச்சுப் பாரு" என்றாய். படித்தேன். அப்படித்தான் போட்டிருந்தது.

கம்பவுண்டர் என்றால் மருந்து கலந்து கொடுப்பவன். காகிதத்தில் உன் வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த மழைநாளை எப்படி மறப்பேன்? கிடர்பூர் பக்கத்து எருமைக் கொட்டிலிலிருந்து ஒரு பால்காரர் நனைந்துகொண்டே ஓடி வந்தார். எருமை கன்று ஈன முடியாமல் முந்தின நாளிலிருந்து கிடக்கிறது என்றார். டாக்டர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். "பிடிச்சுக்க ஆள் வேணும், நீயும் வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

சாணியும் மழைத்தண்ணீரும் கணுக்காலுக்கு நின்றன. நீ சட்டையைக் கழற்றித் தோள்வரை சோப்புப் போட்டாய்.

"கையுறை எங்கடா?"

"அது டாக்டருங்களுக்கு மட்டும்தான்."

அந்தச் சேற்றில் ஒருக்களித்துப் படுத்து, கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடந்த கன்றின் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினாய். கன்று வெளியே விழுந்து காதை உதறியதும் அந்தப் பால்காரர் உன் காலைத் தொட வந்தார். மறுநாள் பதிவேட்டில் பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் டாக்டர் தன் பெயரை எழுதியிருந்தார். நான் கத்தினேன். நீ டீயை உறிஞ்சிக்கொண்டே, "எழுதிட்டுப் போகட்டும்டா. கன்னுக்குட்டி பொழச்சிருச்சுல்ல?" என்றாய்.

அந்தப் பேச்சுக்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒருதரம் விட்டுக்கொடுத்தாய். அதன்பிறகு எல்லாப் பிரசவமும் அவர் பெயரில் ஏறியது.

பத்து வருஷம் ஆனது. பரீட்சை வைத்தார்கள், நீதான் முதலில் வந்தாய். ஆர்டர் வரவேண்டிய வாரத்தில் புது விதி வந்தது. சீனியர் பதவிக்குப் பட்டம் வேண்டுமாம். நீ அதிகாரியிடம் போய்க் கேட்டாய். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "கம்பவுண்டர் கம்பவுண்டராகத்தான் ரிட்டயர் ஆவான்" என்றார். நீ திரும்பி வந்து, பாதியில் விட்டிருந்த நாயின் காலுக்குக் கட்டுப்போட்டு முடித்தாய்.

பிறகு காய்ச்சல். வரும், போகும், மறுபடி வரும். வேர்த்து ஊற்றும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருவாய். பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது அது இதயத்தைத் தொட்டிருந்தது. மாடு எருமைகளிடமிருந்து தொற்றுவது, வெறுங்கையால் கன்று எடுத்ததில் வந்திருக்கும் என்றார்கள். நாற்பதுகூட நிறையாமல் போய்ச் சேர்ந்தாய்.

வேலையால் வந்த நோய் என்று ஒத்துக்கொண்டால் உன் மனைவிக்கு இங்கேயே ஏதாவது வேலை கிடைத்திருக்கும். மனுவோடு வந்தாள். அதிகாரி அந்தப் பிரசவப் பதிவேட்டையே எடுத்து அவள் முன்னால் பிரித்து வைத்தார். "இத்தனை வருஷத்தில் உன் புருஷன் பெயர் எங்கேயாவது இருக்கிறதா, காட்டு" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க கூடப் போயிருக்கீங்கல்ல? அவரு கைபோட்டு எடுத்தத நீங்களே பாத்திருக்கீங்கல்ல? சொல்லுங்கண்ணே."

அதிகாரியும் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து எனக்குப் புத்தி வந்தது. கொட்டில் கொட்டிலாக நடந்து பால்காரர்களிடம் கைநாட்டு வாங்கினேன். "கம்பவுண்டர் பாபுவுக்கா?" என்று கேட்டு, வேறெதுவும் கேட்காமல் வைத்தார்கள். நானும் சாட்சி எழுதிக் கொடுத்தேன். விஷயம் முடிந்துவிட்டதென்று எல்லாம் திரும்பி வந்தது. அதற்குள் உன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்கு ரயிலேறிவிட்டாள்.

அவர்கள்மேல் கோபம் இருக்கிறது, உன்மேலும் இருக்கிறது. அதையெல்லாம் சுமந்துகொண்டு என்னால் வேலைக்குப் போய்வர முடிகிறது. முடியாதது ஒன்றுதான். 'நோய் பணியின் காரணமாக ஏற்பட்டதல்ல' என்று, மனுவோடு வந்த அன்றைக்கே உன் மனைவிக்கு ஆங்கிலத்தில் போன கடிதத்தை அடித்தது நான். அவள் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் அடித்தேன்.