காட்டேஜ் வேண்டாம், கூடாரமே போதும்

என் தங்க மகள் மேரிபெத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அலாஸ்காக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பா சுகம், நான் முக்கால் சுகம், மீதிக் கால் முதுகுவலி. அதற்குக் காரணம் சொன்னால் கோபப்படுவாய், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடற்கரைப் பூங்காவில் நீ ஆசை ஆசையாய் எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்த காட்டேஜை ஒரே ராத்திரியில் காலி செய்துவிட்டோம். கூடாரத்துக்கு வெளியே மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், காகிதத்தில் மணல் இருந்தால் உதறிவிட்டுப் படி.

காட்டேஜில் ஒரு குறையும் இல்லையம்மா. ஏசி, அடுப்பு, மெத்து மெத்தென்று கட்டில், ஜன்னலைத் திறந்தால் கடல், நான் ராணி மாதிரி காலை நீட்டிவிட்டேன். அப்பாவுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நுழைந்ததும் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தார். "ஆர்லீன், இது யாரு வீடு? அவங்க வந்துட்டா என்ன சொல்லுவோம்? கெளம்பு, நம்ம வீட்டுக்குப் போயிடுவோம்" என்றார். வாடகைக்கு எடுத்திருக்கிறோம் என்றேன், சரி என்றார், இறாலைத் தட்டில் வைப்பதற்குள் மறுபடியும் அதே கேள்வி. தொப்பியை மாட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றார். உன் அப்பா பயந்து நான் பார்த்ததேயில்லை மேரிபெத், அன்றைக்குப் பார்த்தேன், அழுதுவிட்டேன். விடிந்ததும் பூங்கா அலுவலகத்தில் போய்க் கேட்டேன், ஓக் மரத்தடியில் கூடாரம் போட ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றாள் அங்கிருந்த பெண். நம்முடைய பழைய கூடாரம் காரிலேயே கிடந்தது நல்லதாகப் போயிற்று.

கூடாரம் எழும்பியதும் மனிதர் ஆளே மாறிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போவோம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன், சுவரும் கதவும் இருந்தால் இது யாருடைய வீடோ என்று இந்த ஞாபகமறதியில் அவருக்குக் கலக்கம் வந்துவிடுகிறது. கூடாரம் யாருடைய வீடும் இல்லை, உள்ளே படுத்தாலே ஊர் சுற்ற வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். "நல்ல எடமாப் புடிச்சிருக்க ஆர்லீன்" என்று தினமும் புதிதாய்ப் பாராட்டுகிறார், நானும் தினமும் புதிதாய் வாங்கிக்கொள்கிறேன். ராத்திரியில் எழுந்து கடலுக்குப் போய்விட்டால் என்று நீ பதறுவாய். காட்டேஜ் கதவு சத்தமே இல்லாமல் திறக்கிறது, இந்தக் கூடாரத்து ஜிப்பை இழுத்தால் ஊரே எழுந்துவிடும், அவர் கை வைத்தாலே நான் விழித்துக்கொள்வேன். நேற்று ஒரு ரக்கூன் வந்து ரொட்டியைப் பொட்டலத்தோடு தூக்கிப் போய்விட்டது. வெளியே வைத்தது அவர், திட்டு வாங்கியது நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் உன் தம்பி கர்ட்டிஸ் நம் வீட்டுக்கு வந்தபோது, யாரோ அந்நியன் என்று அப்பா கதவையே திறக்கவில்லை. பிள்ளை வாசலில் நின்று அழுதான், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான். ஆனால் இங்கே பாதையில் போகிற எல்லோரும் கை காட்டுகிறார்கள், இவரும் விடுவதில்லை. "வாங்க வாங்க, உக்காருங்க, காபி சூடா இருக்கு, எந்த ஊரு நீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறார். பக்கத்தில் வண்டியையே வீடாக்கித் தங்கியிருக்கிற வெர்னன் தினமும் வந்து உட்கார்ந்து, ஊர் ஒஹையோ என்று தினமும் முகம் சுளிக்காமல் சொல்கிறார். அக்டோபரில் நீ வரும்போது உன்னை அப்பாவுக்குத் தெரியுமா என்று போனில் நீ கேட்கவில்லை, ஆனால் அதைக் கேட்கத்தான் கூப்பிட்டாய், அது எனக்குப் புரியாதா. தெரியலாம், தெரியாமலும் போகலாம் கண்ணு. அதனால் வீட்டுக்கு வராதே, நேரே இங்கே வா. நீங்கள் இருவரும் காட்டேஜில் தங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு இதே மரத்தடி இடத்தை நான் பதிவு செய்துவிட்டேன்.

இறைவன் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், நல்ல உடம்பையும் நிம்மதியான தூக்கத்தையும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பா என்று ஓடிவந்து கட்டிக்கொள்ளாதே, மிரண்டுவிடுவார். பாதையில் போகிறவள் மாதிரி நடந்து வந்து கையை மட்டும் காட்டு, அவரே கூப்பிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கொடுக்கிற காபியைக் குடி. உனக்குக் காபி பிடிக்காது என்று எனக்குத் தெரியும், குடி.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஆர்லீன்