கதவைத் தட்டக் கூடாது என்ற சட்டம்

அப்பா,

இன்று காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றது. பக்கத்தில் இருந்த பெரியவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் தைலம் தேய்த்தார். அந்த வாசனையோடு என்னால் உட்கார முடியவில்லை. இறங்கி நடந்துவிட்டேன். கோர்ட்டுக்குப் பிந்திப் போனதற்கு ஒரு பொய்யும் சொன்னேன்.

சட்டக் கல்லூரிப் பரீட்சைக்காக நான் ஆங்கிலச் சொற்களை உருப்போட்டுக்கொண்டிருந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். 'புரொமல்கேட்' மட்டும் வாயில் நுழையவே மாட்டேன் என்றது. அர்த்தம் கேட்டீர்கள். சட்டம் போட்டால் போதாது, எல்லாரும் அறிய அதை அறிவிக்கவும் வேண்டும், அதற்குத்தான் இந்தச் சொல் என்றேன்.

"தப்படிச்சுச் சொல்றதுன்னு சொல்லேன் பாப்பா," என்றீர்கள். எதையும் தப்படித்தே அறிவிக்கும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "சரி, ஒரு சட்டம் போடு. நான் புரொமல்கேட் பண்றேன்."

நானும் சும்மா இருந்தேனா? நான் படிக்கும்போது யாரும் கதவைத் தட்டக் கூடாது என்றேன். சோற்றுத் தட்டைத் தட்டிக்கொண்டே குசினியில் இருந்த அம்மாவுக்கும், வாசலில் நின்ற மீன்காரருக்கும்கூட அறிவித்தீர்கள். "மாதாவே வந்தாலும் வெளியிலதான் நிக்கணும்." அம்மா சிலுவை போட்டுக்கொண்டு உங்களை முறைத்தார்.

அம்மா வத்தேகமவுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கதவிடுக்கால் தைல வாசனை வந்தது. எனக்குத் தெரிந்தது, அப்பா. வாயுவாக இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டினேன். தேத்தண்ணி போடலாம் என்று கதவைத் திறந்தபோது எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"முடிச்சிட்டியா பாப்பா? நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு."

"தட்டியிருக்கலாமே அப்பா?"

"நீ படிக்கிறப்ப எப்படித் தட்டுறது?"

அன்றைக்கே போய்விட்டீர்கள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார் டொக்டர். அதை அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

பரீட்சையில் பாஸானேன். உங்கள் ஆசை நிறைவேறிவிட்டது என்று சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து சொன்னார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. இப்போதும் யாராவது என்னைக் கெட்டிக்காரி என்றால் கூசுகிறது.

என் அறைக்கு இப்போது கதவு இல்லை. கழற்றிவிட்டேன். அம்மா காரணம் கேட்டதில்லை. ஒரு சட்டத்தை நீக்கினால் அதையும் அறிவிக்க வேண்டும் என்று பிறகு படித்தேன். நீக்கிவிட்டேன், அப்பா. அதை மீறாமல் நடந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு நான் எப்படி அறிவிப்பது?